இமையைப் பற்றி நீ கேட்டவை

அன்புள்ள ராஜிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்தநாள், வீட்டுக்கு வெள்ளையடித்தது, முழங்கால் வலி என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் பொடி எழுத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாய். மேலிமையில் தொங்கும் தோலை எடுத்துவிடலாமா, இந்த வயதில் இதெல்லாம் தேவையா, ஊர் என்ன சொல்லும் என்று.

பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் செவிலியராக இருந்த காலமெல்லாம் இதே தயக்கத்தைத்தான் பார்த்தேன். தீக்காயத்துக்கு வருகிறவர்கள் எதையும் வெளிப்படையாகக் கேட்பார்கள். மூக்கையோ இமையையோ காட்ட வருகிறவர்கள் மட்டும் குரலைத் தாழ்த்துவார்கள், பாதிக் கேள்வியை விழுங்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்கள். சாப்பிடும் மாத்திரையைக்கூடச் சொல்லாமல் விடுவது இந்தக் கூச்சத்தால்தான். எனக்கு அதுதான் பயம். அதனால் உனக்கு எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் உன் கண்ணில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். தோல் தளர்ந்து மடிந்து விழுவது ஒன்று. இமையைத் தூக்கும் தசை தளர்ந்து இமையே இறங்குவது வேறு. சிலருக்குப் புருவம் இறங்கியிருக்கும், பழி இமைமேல் விழும். மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. சாயங்காலம் படிக்கும்போது புருவத்தைத் தூக்கித் தூக்கி நெற்றி வலிக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அது அழகுப் பிரச்சினையே இல்லை, ராஜி. கண் மருத்துவரிடம் போய்ப் பார்வைப் புலப் பரிசோதனை செய்துகொள். இமை எவ்வளவு பார்வையை மறைக்கிறது என்று அளந்து எழுதித் தருவார்கள். காப்பீட்டுக்கும் அந்தத் தாள் வேண்டும். அழகுக்காகச் செய்வதற்குப் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கும், மருத்துவ ரீதியாக அவசியம் என்று மருத்துவர் சான்று தருவதற்கும் மட்டும் பணம் கிடைக்கலாம். சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கு. ஒன்றை மட்டும் மறக்காதே: இமை திடீரென்று ஒரு பக்கம் இறங்கினாலோ, பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடு.

வலிக்குமா என்றாய். மேலிமைக்குப் பெரும்பாலும் அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அந்த ஊசிதான் சுருக்கென்று குத்தும், பிறகு இழுப்பது மட்டும் தெரியும். அன்றே வீடு திரும்பலாம். கத்தி வைப்பதற்கு முன் உன்னை உட்கார வைத்து, கண்ணை மூடித் திறக்கச் சொல்லி, ஊதா மையால் இமை மடிப்பில் கோடு போடுவார்கள். படுத்தால் தோல் நகர்ந்துவிடும் என்பதால்தான் உட்கார வைப்பது. அதிகத் தோலை இடுக்கியால் மெதுவாகப் பிடித்து, கண் முழுதாக மூடுகிறதா என்று பார்ப்பார்கள். இந்த ஐந்து நிமிடத்தை அவசரமில்லாமல் செய்யும் மருத்துவரை நான் நம்புவேன். தோலை அதிகம் எடுத்துவிட்டால் கண் மூடாது, வறண்டுவிடும். உனக்கு ஏற்கெனவே கண் எரிச்சல் உண்டென்றால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்.

தழும்பு இமை மடிப்புக்குள் மறைந்துவிடும். உன் அக்கா மகளுக்குக் காது குத்திய இடத்தில் தடித்து வளர்ந்ததை நினைத்துப் பயப்படுகிறாய். நம் நிறத்தவருக்கு அந்தத் தடிப்பு அதிகம் வருவது உண்மைதான், ஆனால் இமையில் அது மிக அரிது. தையல் ஒரு வாரத்துக்குள் பிரிப்பார்கள். கன்றிய நிறம் மறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை குனிந்து கோலம் போடாதே, தண்ணீர்க் குடம் தூக்காதே, தலையை உயர்த்தியே படு.

நீ சாப்பிடும் ஆஸ்பிரினை நீயாக நிறுத்தாதே. இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை எல்லாவற்றையும் பட்டியலில் எழுது, அவையும் ரத்தக் கசிவைக் கூட்டலாம். அபாயம் அரிது என்றாலும் தெரிந்துவைத்துக்கொள்: சிகிச்சைக்குப் பிறகு கண்ணில் கடும் வலி, விழி பிதுங்குவது, பார்வை மங்குவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கினால் பார்வையே போய்விடலாம்.

உன் தங்கை மகள் மூக்கைத் திருத்திக்கொள்ள நினைப்பதாக எழுதியிருக்கிறாய். கல்யாணம் தையில் என்றால் இப்போது வேண்டவே வேண்டாம். மூக்கின் மேல் வைக்கும் கட்டு ஒரு வாரத்தில் போய்விடும், ஆனால் நுனியின் வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம்வரை ஆகலாம். மாப்பிள்ளை வீட்டார் சொன்னதற்காக என்றால் அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்துப் பேசு. அவளுக்கே வேண்டும் என்றால் கல்யாணத்துக்குப் பிறகு நிதானமாகச் செய்யட்டும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, நம் நாட்டில் வெகுகாலமாகச் செய்துவந்த சிகிச்சைதான். திப்பு சுல்தானின் படையினரால் மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரருக்குப் புனேயில் நெற்றித் தோலை இறக்கி மூக்கு அமைத்ததை 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்று படத்தோடு வெளியிட்டது. அதைப் பின்பற்றி கார்ப்யூ என்ற மருத்துவர் 1814இல் லண்டனில் அதே சிகிச்சையைச் செய்தார். நம் கைகளிடமிருந்து அவர்கள் கற்றது இது.

முகத் தோலை இழுத்துத் தைப்பது உனக்குத் தேவையில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். அழகு நிலையத்தில் முகத்துக்கு ஊசி போடுகிறார்கள் என்று உன் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னால் மட்டும் தடுத்துவிடு. சுருக்கத்தை நிரப்ப ஊசியில் ஏற்றும் மருந்து ரத்தக் குழாய்க்குள் போனால் பார்வை பறிபோகலாம், அங்கே காப்பாற்ற ஆள் இருக்காது.

மருத்துவரைத் தேர்வு செய்யும்போது பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். என்ற உயர் பட்டம் முடித்தவரா, அல்லது இமைச் சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்ற கண் மருத்துவரா என்று கேள். மருத்துவக் கவுன்சில் பதிவையும் சரிபார். இந்தச் சிகிச்சையை அடிக்கடி செய்கிறாரா, மறுபடி திருத்த வேண்டி வந்தால் கட்டணம் உண்டா, இரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று நேராகக் கேள். முகம் சுளிக்கிற மருத்துவரென்றால் வெளியே வந்துவிடு.

பரிசோதனை முடிந்ததும் அந்தத் தாளின் நகலை எனக்கு அனுப்பு. தேதி குறித்தால் முன்கூட்டியே எழுது, தையல் பிரிக்கும்வரை நான் வந்து உன் வீட்டுச் சமையலைப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மங்கை