விக் வாங்கும் முன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மகளிர் பக்கத்தில், சிகிச்சையால் முடி கொட்டியவர்களுக்கான விக் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இதைப் பற்றி நம் பத்திரிகையில் எழுதுவதே நல்ல விஷயம்தான். ஆனால் மனித முடியில் செய்ததை வாங்கினால்தான் உண்டு, மற்றதெல்லாம் காசுக்குப் பிடித்த கேடு என்று ஒரே போடாகப் போட்டிருந்ததை ஏற்க முடியவில்லை. நான் கோலாலம்பூர் செந்தூலில் பெண்களுக்கான சலூன் நடத்துகிறேன், புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள் கொண்டு வரும் விக்கைத் தலையில் வைத்தபடியே முகத்துக்குத் தகுந்த மாதிரி வெட்டிக் கொடுப்பதும் என் வேலையில் சேர்த்தி, அதனால் சொல்கிறேன்.

மனித முடி அழகுதான், தொட்டால் மென்மையாக இருக்கும், பல வருடம் வைத்துக்கொள்ளவும் முடியும். ஆனால் விலை பெரும்பாலும் ஆயிரங்களில் போகும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு முறை அலசிய பிறகும் அதை நம் முடி போலவே வாரி, சுருட்டி, படிய வைக்க வேண்டும். கீமோ முடிந்து வந்து கையைத் தூக்கவே தெம்பில்லாமல் படுத்திருப்பவர் இதை எப்போது செய்வார்? செயற்கை இழை விக்கோ அலசிக் காயவைத்தால் பழைய வடிவத்துக்குத் தானாகவே வந்துவிடும், சில நூறு வெள்ளிக்கே (ரிங்கிட்) நல்லதாகக் கிடைக்கும். தினமும் போட்டால் நாலு மாதம், ஆறு மாதம்தான் தாங்கும் என்பது உண்மை. கீமோவில் கொட்டிய முடி பொதுவாக சிகிச்சை முடிந்து ஓரிரு மாதத்தில் முளைக்க ஆரம்பித்துவிடும், ஆகவே பலருக்கு அது வருடக்கணக்கில் தாங்க வேண்டிய அவசியமில்லை. புழுவெட்டு முற்றித் தலைமுழுக்க முடி போனவர்கள் கதை வேறு, அவர்களுக்கு வருடக்கணக்கில் தேவைப்படலாம், அங்கே மனித முடிக்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு. டிங்கி காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறதே என்று பதறிப்போய் விக் கேட்டு வருபவர்களை நான் பேசித் திருப்பி அனுப்பிவிடுவேன், அது பெரும்பாலும் தானாகவே திரும்ப வளர்ந்துவிடும்.

கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லாதது விக்கின் உள்பக்கத்தைப் பற்றி. முடியைத் தடவித் தடவிப் பார்க்கிறோம், உள்ளே திருப்பிப் பார்ப்பதில்லை. போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார், விசேஷங்களுக்குப் போடுகிற வகை விக், கடைக்காரர் நோயாளிக்கும் இதுவே சரி என்று கொடுத்திருக்கிறார். கழற்றினால் காதுக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு, பின்கழுத்தில் இன்னொன்று. உள்ளே மெஷினில் தைத்த பட்டைகள் வரிசையாக ஓடுகின்றன, அந்தத் தையல் முடிச்சுகள் சொரசொரவென்று வெறும் மண்டையில் உரசியிருக்கின்றன. தலையில் முடி உள்ளவருக்கு இது ஒன்றும் தெரியாது, காற்றோட்டமும் இருக்கும். முடியே இல்லாதவருக்கு, அதிலும் கீமோவில் தோல் புண்ணாக நோகும் சமயத்தில், அது வேதனை. மோனோபிலமென்ட் என்று கேளுங்கள், மெல்லிய வலைத்துணியில் ஒவ்வொரு இழையாகக் கையால் முடிந்திருப்பார்கள், உச்சியில் வகிடு எடுத்தால் உள்ளே தோல் தெரிகிற மாதிரியே இருக்கும். முன்நெற்றி ஓரம் லேஸ் என்ற மெல்லிய வலை வைத்ததாக இருந்தால் பொட்டு வைத்து முடியைப் பின்னால் வாரிக் கட்டினாலும் பொய் முடி என்று தெரியாது.

அளவும் பார்க்க வேண்டும். நெற்றி முடி தொடங்குகிற இடத்திலிருந்து காதுக்கு மேலாகப் பின்கழுத்தைச் சுற்றி மறுபடி அதே இடத்துக்கு டேப்பைக் கொண்டு வாருங்கள், பெரும்பாலான பெண்களுக்கு 54-லிருந்து 57 செண்டிமீட்டருக்குள் வரும். முடி போன பிறகு தலை கொஞ்சம் சிறுத்துவிடும் என்பதால் பின்னால் இறுக்கும் பட்டை உள்ளதாக வாங்குவது நல்லது. நிறத்தை ஒருபோதும் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள், வாசலுக்குக் கொண்டு வந்து வெயிலில் பாருங்கள். நம்மவர்கள் கறுப்பு என்று கேட்டதும் எண் 1 போட்ட கருகரு மையை எடுத்து நீட்டுவார்கள், அது நம் முகத்தில் ஒட்டவே ஒட்டாது, 1பி என்ற சற்றே தணிந்த கறுப்புதான் பெரும்பாலும் பொருந்தும். மனித முடி என்றால் ரெமியா, அதாவது இழைகள் ஒரே திசையில் இருக்கும்படி சேர்த்ததா என்று கேட்பது நியாயம். திருப்பதியில் காணிக்கையாக வந்து ஏலம் போகிற முடிக்கு மவுசு அதிகம் இருப்பதே, தலையிலிருந்து நேராக எடுப்பதால் இழைகள் எல்லாம் ஒரே திசையில் இருக்கும், சிக்குப் பிடிக்காது என்பதால்தான். சீப்பில் சேர்ந்த முடியை அமிலத்தில் அலசி சிலிக்கோன் பூசி விற்பதும் உண்டு, அது வாங்கும்போது பட்டுப் போல வழுக்கும், சில தடவை அலசியதும் தேங்காய் நார்தான்.

அப்புறம் நம் வீட்டுச் சமையலறை. செயற்கை இழைக்குப் பரம விரோதி சூடு. வடை சுட்டுவிட்டு வந்த ஒரு அம்மாவின் விக்கில் நெற்றியோர முடி மட்டும் பொசுங்கிச் சுருண்டு முள்ளுமுள்ளாக நின்றது, அதை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியே இல்லை. சோற்றுப் பானையைத் திறக்கும்போது வருகிற ஆவியே போதும். விளக்கேற்றக் குனியும்போதும் கற்பூரத் தட்டை ஒற்றிக்கொள்ளும்போதும் கவனமாக இருங்கள். அடுப்பு வேலைக்குப் பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு விக்கைக் கழற்றி வைத்துவிட்டால் தொல்லையே இல்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

எட்டுப் பத்து முறை போட்டபின் அலசினால் போதும் என்பார்கள். நம் ஊர் புழுக்கத்துக்கு அதற்கு முன்னாலேயே வியர்வை வாடை வந்துவிடும், உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி போட்டு அதைத் தினமும் துவைத்தால் விக்கை அடிக்கடி நனைக்க வேண்டியதில்லை. பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ கரைத்து முக்கி எடுங்கள், கசக்கவோ பிழியவோ கூடாது, துண்டில் ஒற்றி நிழலில் ஸ்டாண்டில் காயவிடுங்கள், செயற்கை இழையை ஈரத்தோடு சீவாதீர்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மல்லிகைச் சரம் வைக்கலாம், ஆனால் ஊசியை வலைத்துணியில் குத்தாமல் முடியில் மட்டும் செருகுங்கள்.

கீமோ என்று முடிவானதுமே இதைப் பார்க்கத் தொடங்குவது உத்தமம், எல்லா மருந்திலும் முடி கொட்டாது, ஆகவே முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொட்டுகிற மருந்தில் முதல் கீமோவுக்குப் பின் இரண்டு மூன்று வாரத்தில் ஆரம்பித்துவிடும். அதற்கு முன்பே நிறம் பொருத்த ஒரு கொத்து முடியை வெட்டி வையுங்கள், நல்ல ஒரு படமும் எடுத்து வையுங்கள். போட்டுப் பார்க்க விடுவார்களா, பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்பதைக் காசு கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள், பெரும்பாலான கடைகள் சுத்தத்தைக் காரணம் காட்டித் திரும்ப வாங்குவதில்லை. வாங்க வசதி இல்லாதவர்கள் அரசாங்க மருத்துவமனையின் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவில் விசாரித்துப் பார்க்கலாம், ஜாபாத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தான் என்று மலாயில் பலகை இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்.