முன்காச்சியின் கறுப்பு

அன்புள்ள குமரேசா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்களுக்கும் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம்.

ஹங்கேரிய ஓவியர் மிஹாய் முன்காச்சியின் படங்களில் உள்ள கறுப்புக்கு எதைக் குழைப்பது என்று கேட்டிருந்தாய். அந்தக் கறுப்பில் பெரும்பகுதி அவர் நினைத்துத் தீட்டியது அல்ல, பிறகு வந்து சேர்ந்தது. 1844இல் பிறந்து, தச்சரிடம் வேலை பழகி, வியன்னா, மியூனிக், ட்யூசல்டார்ஃப் என்று ஓவியம் கற்றவர். மரண தண்டனைக் கைதியின் கடைசி நாளைக் காட்டும் படத்துக்கு 1870இல் பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சியான சலோனில் பதக்கம் பெற்றபோது வயது 26. மேசை மேல் விரித்த வெள்ளைத் துணி இருட்டிலிருந்து எழுந்து வரும் பார்! அந்த ஆழத்துக்காக அவர் நம்பியது நிலக்கீல், அதாவது தார் போன்ற பிட்டுமன்.

நிலக்கீலை எண்ணெயில் கரைத்துப் பூசினால் முதல் நாள் தேன்போல மின்னும், கிளேஸாக, அதாவது ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சாகப் போட்டால் மயக்கிவிடும். ஆனால் அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் எண்ணெய் இறுகுவதைத் தடுக்கின்றன. பல ஆண்டு ஆனாலும் அது முழுதாகக் காய்வதில்லை. மேலே பூசிய வண்ணம் காய்ந்து இறுக, கீழே இளகியே இருக்கும் படலம் நகர்கிறது. மேல்வண்ணம் இழுபட்டு முதலைத் தோல்போல அகலமாக வெடிக்கும். சேர்ந்தே நிறமும் கறுத்துக்கொண்டு போகும். வண்ணத்தை இளக்கும் டர்பன்டைனிலும் நிலக்கீல் கரையும் என்பதால் பழைய வார்னிஷை எடுக்கும்போது ஓவியமும் சேர்ந்து போகலாம். ஓவியத்தின் பின்புறம் வலுவுக்குத் துணி ஒட்டச் சூடு காட்டினாலும் ஆபத்துதான். ஹங்கேரியின் டெப்ரெட்சன் நகரில் டேரி அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய 'பிலாத்து முன் கிறிஸ்து' (1881) நான்கு மீட்டருக்கு மேல் உயரம், ஆறு மீட்டருக்கு மேல் அகலம். அந்த அளவில் பராமரிப்பது எவ்வளவு கடினம் என்று நீயே நினைத்துப் பார்.

அதே 1844இல் பிறந்த இன்னொரு ஹங்கேரிய ஓவியர் ஜூலா பென்ட்சூரையும் பார்க்கச் சொல்வேன். மியூனிக் அகாடமியில் ஓவியர் பிலோட்டியிடம் பயின்று, பிறகு அங்கேயே பேராசிரியரானவர். ஹங்கேரியின் முதல் அரசர் இஸ்த்வான் (முன்பெயர் வாய்க்) ஞானஸ்நானம் பெறுவதைக் காட்டும் 'வாய்க்கின் ஞானஸ்நானம்' (1875) படத்தில் பட்டும் பொன்னும் இன்றும் பளிச்சென்று நிற்கின்றன. உணர்ச்சியில் முன்காச்சிதான் எனக்குப் பெரியவர். கைத்திறனில் பென்ட்சூர் குறைந்தவர் அல்ல.

நிலக்கீல் இல்லாமல் அந்தக் கறுப்புக்கு உனக்கு வேண்டியது பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு நிறம் இரண்டு பங்கு, அல்ட்ராமரைன் என்ற நீலம் ஒரு பங்கு. அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும், அடிப்பூச்சுக்கு ஏற்றது. டர்பன்டைன் மட்டும் கலந்து மெல்லியதாகப் பூசு. நன்றாகக் காய்ந்த பிறகு, எண்ணெய் சற்றுக் கூடுதலாகச் சேர்த்து அடுத்த அடுக்கு. இந்த வரிசையை மாற்றினால் நிலக்கீல் இல்லாமலே வெடிப்பு வரும். அம்பர் எண்ணெயை உறிஞ்சி ஆங்காங்கே மங்கிப்போனால் பதறாதே. காய்ந்த இடத்தில் ஆளிவிதை எண்ணெயைத் துளி தொட்டுத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மேலே தீட்டு.

எந்த ஓவியத் துணி, அதன் மேல் முதலில் பூசும் பிரைமர் என்ன என்று அடுத்த கடிதத்தில் எழுது. எண்ணெயின் அளவு அதைப் பொறுத்து மாறும்.

அன்புடன்,
ராஜன்