உடுக்கை மின்னொலி விழுங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னி இளைஞர் சிலர் காத்தவராயன் சிந்துநடைக் கூத்துப் பாடல்களை மின்னொலிக் கருவிகளுடன் மேடையேற்றியதைக் கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகை ‘சீரழிவு’ என்று எழுதியிருந்தது. அந்நிகழ்ச்சியை முன்வரிசையில் இருந்து கேட்டவள் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

பழைய இசையோடு மின்னொலி கலப்பது புதிதல்ல. அமெரிக்காவின் ‘த பேர்ட்ஸ்’ என்ற றொக் இசைக்குழுவினர் 1968 ஜனவரியில் வெளியிட்ட இசைத்தட்டில், அந்நாட்டுக் கிராமிய மரபில் வந்த கன்ட்ரி இசையின் குரலாகவே கருதப்படும் பெடல் ஸ்டீல் கிற்றாரும், மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும், அக்காலத்தில் புதுமையான மூக் சிந்தசைசரும், மயக்கம் தரும் சைக்கடெலிக் பாணியும் ஒன்றாக இடம்பெற்றன. மலைக்கிராமப் பழம்பாட்டுத் தொடங்கி மின்னிசை வரையான வரலாற்றை ஒரே தொகுப்பில் இசைக்க வேண்டும் என்று அக்குழுவின் றோஜர் மக்குயின் எண்ணியிருந்தார். அது கைகூடாமல் அடுத்த இசைத்தட்டு கன்ட்ரி இசையாகவே அமைந்தது. அவ்வருடம் மார்ச்சில் நாஷ்வில் நகரின் கிராண்ட் ஓல் ஒப்ரி என்ற புகழ்பெற்ற கன்ட்ரி இசை மேடையில் அவர்கள் கன்ட்ரி பாடல்களையே பாடியும் சபையில் ஒரு பகுதியினர் கேலிக்குரல் எழுப்பினர். சிந்தசைசர் ஒலி கலக்காதபோதும் ஏச்சுத்தான் கிடைத்தது. மறுவருடம் ‘ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ்’ குழுவின் ஸ்னீக்கி பீட் கிளைனோ, அதே வகை ஸ்டீல் கிற்றாரை ஒலியைத் திரிக்கும் ‘ஃபஸ்’ கருவியூடாகவே வாசித்தார்.

எங்கள் மேடையில் உடுக்கு வாசித்த பிள்ளை கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரின் பேரன். உடுக்கின் இடைக்கயிற்றை அழுத்தினால் நாதம் மேலேறும், தளர்த்தினால் இறங்கும். பெடல் ஸ்டீல் கிற்றாரிலும் காலால் மிதியை அழுத்தத் தந்தி இழுபட்டுச் சுருதி அவ்வாறே வழுக்கி ஏறும். உடுக்கின் ஏற்ற இறக்கத்தை அந்தப் பிள்ளை எதிரொலி தரும் ஓர் எக்கோப் பெட்டியூடாகச் செலுத்தியபோது, கயிறு தளர்ந்த பின்னும் நாதம் அலையலையாகத் திரும்பி வந்தது. தாள நடை மட்டும் ஓரிடத்திலும் பிசகவில்லை. கதைநாயகி ஆரியமாலையின் பாட்டு வந்ததும் பெட்டியை நிறுத்திவிட்டு வெறும் தோலொலியோடு வாசித்தார். நிறுத்த வேண்டிய இடம் தெரிந்த பிள்ளையைச் சீரழிப்பவர் என்று அச்சில் கண்டபோது மனம் மிகவும் நொந்தது.

ஒலிபெருக்கிச் சத்தம் மிதமிஞ்சியதால் முற்பகுதியில் பாடல் வரிகள் விளங்கவில்லை என்பது உண்மை. விமர்சகர் அதைக் கண்டித்திருந்தால் நானும் உடன்பட்டிருப்பேன். ஆனால் கருவி வெளியூரது என்பதே குற்றமானால், எங்கள் கூத்துக் கொட்டகையில் எவரும் கேள்வி கேட்காத ஆர்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான்.

அடுத்த மேடையேற்றத்தின்போது தங்கள் விமர்சகரை உடுக்குக்காரருக்கு அருகே இருந்து கேட்கச் சொல்லுங்கள். அந்த அண்ணாவியாரின் கருத்தையும் பெற்றுப் பிரசுரிக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
ஒட்டுசுட்டான்.