வாட்டில படுத்திருக்கிற ஆளுக்குத் திடீரெண்டு மூட்டு வீங்கினா

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து வாட்டுகள்ல கனகாலம் தாதியா வேலை செஞ்சவள் நான், கௌட், அதாவது இரத்தத்தில யூரிக் அசிட் எண்ட கழிவு கூடி மூட்டுக்குள்ள படிஞ்சு வீங்குற வருத்தத்தப் பத்தித்தான் எழுதுறன். நம்மட ஆக்கள் இறால், நண்டு, கருவாடு கூடத் திண்டா வாற வருத்தம் எண்டு நினைக்கிறாங்க. சாப்பாட்டுக்கும் பங்கிருக்குதான், ஆனா வேற வருத்தத்துக்கு வந்து வெறும் கஞ்சி குடிச்சிட்டுக் கிடக்கிற ஆளுக்கும் ராவோட ராவா பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, பெட்சீட் பட்டாலே கத்துற அளவுக்கு நோகும். ஒப்பரேசன், உடம்பில தண்ணி வத்துறது, இதய வருத்தத்துக்குக் குடுக்கிற சலம் போற குளிசை, இதெல்லாம் அதைக் கிளப்பிவிடும்.

வயசாளிகளுக்கு முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு எண்டு கன மூட்டு ஒண்டா வீங்கி காய்ச்சலும் வரும், உடம்பில அழற்சி இருக்கெண்டு காட்டுற சிஆர்பி எண்ட இரத்த அளவும் ஏறும், அதால கிருமி எண்டு அன்ரிபயொட்டிக் மட்டும் ஓடிட்டிருக்கும். மூட்டுக்குள்ள கிருமி இருந்தா அதுவும் பெரிய ஆபத்து, ரெண்டும் ஒண்டா இருக்கவும் கூடும், அதுதான் ஊசியால நீர் எடுத்து மைக்ரோஸ்கோப்பில பாக்கணும் எண்டுறது. வருத்தம் உச்சத்தில நிக்கக்குள்ள இரத்தத்தில யூரிக் அசிட் நோர்மலாவும் வரும், அந்த ரிப்போட்டப் பாத்து கௌட் இல்லையெண்டு முடிவெடுக்கக் கூடாது, நோ குறைஞ்சு ரெண்டு கிழமை போக மறுகா ஒருக்கா பாக்கணும்.

வைத்தியம் எவ்வளவு கெதியாத் தொடங்குதோ அவ்வளவுக்கு நோ கெதியா அடங்கும். கொல்சிசின் எண்ட கௌட் நோக் குளிசையக் குறைஞ்ச அளவில குடுப்பாங்க, கூடினா வயித்தால போகும், கிட்னி பழுதான ஆளுக்கு இன்னும் கவனம். டைக்லோபெனாக் மாதிரி நோக்குளிசை கிட்னி, இதய வருத்தக்காரருக்கு ஆகாது, கடையில வாங்கி வந்து தலகாணிக்குக் கீழ வச்சிக் குடுக்கிற சொந்தக்காரர் தயவுசெஞ்சு அதை விடுங்க! அந்த வருத்தக்காரர் கனபேருக்கு டொக்டர் பிரெட்னிசொலோன் எண்ட ஸ்டெரொயிட் குளிசையக் கொஞ்ச நாளைக்குக் குடுப்பார், அதால இரத்தத்தில சீனி ஏறும், அடிக்கடி பாக்கணும்.

யூரிக் அசிட்டக் குறைக்கிற அலோபியூரினோல் குளிசை ஏற்கெனவே போடுற ஆள் எண்டா நோ வந்ததுக்காக அதை நீங்களா நிப்பாட்டாதீங்க. புதுசாத் தொடங்கினா 100 மில்லிகிராமோ அதுக்கும் குறைவாவோ தொடங்கி யூரிக் அசிட் ஒரு டெசிலீற்றருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழ வரும் வரைக்கும் மெதுவாக் கூட்டுவாங்க, தோல்ல தடிப்பு வந்தா மட்டும் உடன நிப்பாட்டி டொக்டரிட்டக் காட்டணும். எல்லாத்துக்கும் முதல், முந்தி இப்படி வீங்கினது எண்டா அட்மிட் ஆகக்குள்ளயே சொல்லுங்க, போடுற குளிசையெல்லாம் கொண்டு போங்க. வாட்டுத் தம்பி தங்கச்சிமாரிட்ட ஒண்டு கேக்கிறன், வீட்ட அனுப்பக்குள்ள டயக்னோசிஸ் கார்ட்டில கௌட் எண்டு ஒரு வரி எழுதி, எந்தக் கிளினிக்குக்கு எப்ப வரணும் எண்டும் போட்டுக் குடுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
கல்முனை