கடற்கரையை ட்ரோன் மூலம் தொடர்ந்து அளந்து பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
மீனவர் கிராமப் பஞ்சாயத்தார்,
வானூர் வட்டக் கடலோரம்,
விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: கோட்டக்குப்பம் முதல் பொம்மையார்பாளையம் வரையிலும் அதற்கு வடக்கேயும் கடற்கரையை ட்ரோன் மூலம் அளக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கரை ஏன் கரைகிறது என்பது தாங்கள் அறிந்ததே. இந்தப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் வடக்கே போகிற மணல் அதிகம், வடகிழக்குப் பருவத்தில் திரும்பி வருவது குறைவு. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே கரை வளர்ந்தது. வடக்கே நகரத்தின் மணற்பரப்பே காணாமல் போனது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்திலிருந்து அரிப்பு வடக்கே நகர்ந்து எங்களிடம் வந்து சேர்ந்தது.

தூண்டில் வளைவு (அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் சுவர்) கேட்டு மனு கொடுத்தவர்கள் நாங்கள்தான். இன்றும் அது வேண்டும் என்கிறோம். ஆனால் இங்கே வளைவு போட்டால் அதற்கு வடக்கே உள்ள பிள்ளைச்சாவடிக்கும் காலாப்பட்டுக்கும் என்ன ஆகும்? அவை புதுச்சேரி எல்லைக்குள் இருந்தாலும் எங்கள் கொள்வினை கொடுப்பினை உள்ள ஊர்கள். எவ்வளவு மணல் வருகிறது, எவ்வளவு போகிறது என்ற கணக்கே இல்லாமல் கல்லை இறக்கினால், அப்புறம் ஊருக்கும் ஊருக்கும்தான் சண்டை.

தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து, தமிழகக் கரையில் 40 சதவீதத்துக்கு மேல் அரிப்பு இருப்பதாகச் சொல்லியிருக்கிறது. பெரிய படத்துக்கு அது சரி. ஆனால் இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளியே 10 மீட்டர். எங்கள் கடைசி வரிசை வீட்டுக்கும் அலைக்கும் நடுவே அவ்வளவுகூட இல்லாத இடங்கள் உண்டு. சுமார் 100 மீட்டர் உயரத்தில் பறக்கும் ட்ரோன் சில சென்டிமீட்டர் வித்தியாசத்தையும் காட்டும். ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்த படங்களை இணைத்தால் கரையின் மேடு பள்ளமும் கிடைக்கும், போன மணல் எத்தனை கன மீட்டர் என்றும் சொல்லலாம். தண்ணீருக்கு அடியில் உள்ளதை, அதுவும் எங்கள் கலங்கலான கடலில், ட்ரோன் பார்க்காது. அதற்குப் படகில் எக்கோ சவுண்டர் (ஒலியை அனுப்பி ஆழம் காட்டும் கருவி) வைத்து அளக்க வேண்டும். படகும் ஆளும் நாங்கள் தருகிறோம்.

ஒரு தடவை பறக்கவிட்டுப் படம் பிடித்துப் போவதில் பயனில்லை. ஒரே தடத்தில், கடல் வற்றும் நேரத்தில், ஜனவரியிலும் ஜூன் கடைசியிலும் செப்டம்பரிலும் அளக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் வேண்டாம், படகுகள் நிறைய கரையில் ஏறி நிற்கும், மணல் தெரியாது. புயல் எச்சரிக்கை வந்ததும் ஒரு முறை, புயல் கடந்து காற்று அடங்கியதும் ஒரு முறை அளக்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவு கையில் இருந்திருந்தால், நிவாரணம் கேட்டுப் போனபோது "கரை எதுவரை இருந்தது?" என்ற கேள்விக்கு நாங்கள் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டு நின்றிருக்க மாட்டோம்.

ட்ரோன் விதிகள் 2021-இன்படி விமான நிலையத்தைச் சுற்றி 12 கிலோமீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. லாஸ்பேட்டை விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் முன்அனுமதி தேவைப்படலாம். அதைத் தங்கள் அலுவலகம் வாங்கினால்தான் நடக்கும். தமிழ்நாடு ஆளில்லா விமானக் கழகத்திடம் இந்தப் பணியை ஒப்படைக்கலாம் என்பது எங்கள் யோசனை. எல்லைக் கல்லோடு அளவை நிறுத்திவிடாமல், புதுச்சேரி நிர்வாகத்தோடு பேசி இரு பக்கக் கரையையும் ஒரே அளவாக எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். ட்ரோன் என்றதும் ஊரில் பலருக்குப் பயம், வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் அளக்கிறார்கள் என்று. பட்டா இல்லாத வீடுகள் இங்கே நிறைய. எனவே இந்தப் படங்களை வெளியேற்றும் நடவடிக்கைக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். பறக்கும் நாளை முன்கூட்டியே ஊரில் அறிவிக்க வேண்டும். கரையில் பெண்கள் இருக்கும் நேரத்தைத் தவிர்க்க வேண்டும். முடிவுகளைத் தமிழில், வரைபடத்தோடு, ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தர வேண்டும்.

அடுத்த வடகிழக்குப் பருவம் தொடங்கும் முன் முதல் அளவை எடுக்க ஆணையிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மீனவர் கிராமப் பஞ்சாயத்தார்.

நகல்: மாவட்ட ஆட்சியர், புதுச்சேரி.