செயலாளர் அறிக்கை: சூரியன் வராத பொங்கலும் சந்தா வராத ஆண்டும்

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும், வருவதாகச் சொல்லிவிட்டு வராதவர்களுக்கும் வணக்கம்.

நோர்வேயின் வடகிழக்குக் கடைசியில் இருக்கிற இந்த வார்டோத் தீவில் நம் தமிழ்ச் சங்கத்தின் நிர்வாக சபை ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை நானும் பொருளாளரும் மட்டும்தான். கோப்பிச் செலவு எழுதிவிட்டபடியால் அவற்றையும் கூட்டமாகவே பதிந்திருக்கிறேன். சித்திரைப் புத்தாண்டு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. சரஸ்வதி பூசை ஒரு வீட்டில் நடந்தது. ஒளிவிழா அன்று புயலில் வீதி மூடப்பட்டதால் நடக்கவில்லை.

பொங்கலுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். வார்டோவில் நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரி 20ஐ ஒட்டித்தான் தலைகாட்டும். தை முதலாம் நாள் மத்தியானம் தெற்கே ஒரு சிவப்புக் கீற்று, அவ்வளவுதான். இத்தனை வருடமும் மின்னடுப்பில் பொங்கி, சுவரில் ஒட்டிய சூரியன் படத்தைக் கும்பிட்டோம். சூரியனின் முழு வட்டமும் தெரிகிற நாளில் இங்கே கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. பொங்க இதைவிட நல்ல நாள் உண்டா? அதனால் பீரங்கி வெடித்ததற்கு அடுத்த சனிக்கிழமைக்கு விழாவை மாற்றினேன். “தை ஒன்று தை ஒன்றுதான்” என்று மூத்தவர்கள் சிலர் கோபித்துக்கொண்டு வரவில்லை. அந்தச் சனிக்கிழமை மேகம் மூடிச் சூரியன் தெரியவில்லை என்பது உண்மை. அதை வட்ஸ்அப் குழுவில் பதினொரு தடவை எழுதியிருக்க வேண்டியதில்லை.

இனி ஊர் வரலாற்றுக் கையேடு. இதற்குச் சபை தீர்மானம் இருக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மூடிக் கிடந்த ஒரு மீன் ஆலையைத் துப்புரவு செய்தபோது உடுப்பு அலுமாரிக் கதவு ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். அதன் உட்பக்கத்தில் பேனையால் தமிழில் எழுதியிருந்தது: “வீட்டுக்கு 1500. வட்டி 600. தங்கச்சி.” தங்கச்சிக்கு நேரே தொகை இல்லை. இதைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. கதவு இப்போது என் வீட்டு நடையில் நிற்கிறது. அதைப் பற்றி வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்பதை இந்த அறிக்கையில் சேர்க்கவில்லை.

அந்தக் கதவுக்கு முன்னால் என்ன இருந்தது என்று தேடப் போய்த்தான் கையேடு நீண்டது. 1307இல் இங்கே தேவாலயம் திறந்தார்கள். இப்போது நிற்கிற நட்சத்திரக் கோட்டை 1738இல் முடிந்தது. மரம் முளைக்கத் தயங்குகிற இந்தத் தீவுக்கு மனிதர்கள் வந்ததன் காரணம் ஒன்றுதான், மீன். வசந்தத்தில் ‘கேப்லின்’ என்ற சின்ன மீனைத் துரத்திக்கொண்டு கரைக்கு வருகிற கொட் மீன். 1617ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் திடீர்ப் புயலில் பத்துப் படகுகளும் நாற்பது பேரும் போனார்கள். புயலைக் கிளப்பியது சூனியக்காரிகள் என்று வழக்குப் போட்டார்கள். அந்த நூற்றாண்டில் நம் பின்மார்க் மாகாணத்தில் அப்படிக் கொல்லப்பட்டவர்கள் 91 பேர். கடற்கரையில் 2011இல் திறந்த நினைவிடத்தில் ஆளுக்கொரு சின்ன ஜன்னல், ஆளுக்கொரு விளக்கு. கடலுக்குப் போனவன் திரும்பாத வீட்டில் யார் மேலாவது பழி விழும் என்பது நமக்கும் தெரியாததல்ல.

பிறகு ரஷ்யாவின் வெண்கடல் பக்கத்திலிருந்து பொமோர் வணிகர்கள் மாவும் மரமும் கொண்டுவந்து மீன் வாங்கிப் போனார்கள். இரு பக்கமும் பேசியது அரை நோர்வேஜியம், அரை ரஷ்யம். அதற்கு ‘மோயா போ த்வோயா’, அதாவது ‘நான் உன் பாஷையில்’ என்றே பெயர். ஆலையில் நாங்கள் போர்மனிடம் பேசிய பாஷையை நினைத்துக்கொள்ளுங்கள். 1917 புரட்சியோடு அந்த வியாபாரம் படுத்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து ஊரின் பெரும்பகுதி எரிந்தது. 1982இல் கடலுக்கு அடியில் 2.9 கிலோமீற்றர் சுரங்கம் வெட்டித் தீவைப் பெருநிலத்தோடு இணைத்தார்கள். ஆட்கள் வர வழி என்றார்கள். போகவும் அதுவே வழியானது.

நம் பக்கம் அப்புறம்தான் தொடங்குகிறது. நோர்வேக்கு முதலில் வந்த தமிழர் யாழ்ப்பாணம் குருநகர் அந்தோனி இராஜேந்திரம், 1956இல். மீன்பிடி கற்று, நோர்வே உதவியோடு காரைநகரில் சீநோர் மீன்பிடி நிறுவனம் தொடங்கக் காரணமானவர். 80களில் ஆட்கள் வர, மக்கள் உயர்பள்ளிகள் என்ற பரீட்சையில்லாத விடுதிப் பள்ளிகள் வழி விட்டன; கலவரமும் போரும் பின்னால் நின்று தள்ளின. உள்ளூர் இளசுகள் தெற்கே போய்விட, பின்மார்க் ஆலைகளுக்குப் பிலே, அதாவது முள் நீக்கிய மீன் துண்டு, வெட்டக் கை தேவைப்பட்டது. நமக்கு முன் பின்லாந்துப் பெண்கள் வந்து நின்ற இடம் அது. வெளிச்சப் பலகையில் மீனை வைத்துப் புழுவும் முள்ளும் பார்த்து எடுக்க வேண்டும், கிலோக் கணக்கில் கூலி. தோள்வலி என்று சொன்னால் தெரியும், இன்றும் தூக்கத்தில் கை அசைகிறவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள்.

1989 ஏப்ரல் 18இல் கொட் குறைந்துபோனது என்று கரையோர மீன்பிடியை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு படகுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று பங்கு வந்தது. பங்கு பின்னர் கைமாறியது, மீன் உறைநிலையில் முழுசாகவே வெளிநாடு போனது, ஆலைகள் மூடின. 60களில் நாலாயிரம் பேர் இருந்த இடத்தில் இன்று இரண்டாயிரத்துக்குப் பக்கம். சோவியத் விஞ்ஞானிகள் 60களில் கிழக்கேயிருந்து கொண்டுவந்து விட்ட சிவப்பு இராட்சத நண்டு மட்டும் பெருகிவிட்டது. வந்தேறிகளில் நன்றாக இருப்பது அதுதான்.

கையேட்டுக்காக எட்டுப் பேரின் குரலைப் பதிந்தேன். இருபத்தாறு பேரிடம் கேட்டேன். “படம் இருக்கு, தேடித் தாறன்” என்றவர்கள் பலர். மீன் நாக்கு வெட்டிக் கைச்செலவுக்குச் சம்பாதித்த நம் பிள்ளைகளின் படம் ஒன்றுகூட இன்னும் வரவில்லை.

சந்தா பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அங்கத்தவர் பட்டியலில் பாதிப் பேர் இப்போது ஒஸ்லோவில் இருக்கிறார்கள். குழுவில் இருக்கிறார்கள், கருத்துச் சொல்கிறார்கள், பொங்கல் தேதிக்கு வாக்கும் போட்டார்கள். சந்தா மட்டும் போடவில்லை. இங்கே வசித்தால் கல்விக்கடனில் ஆண்டுதோறும் ஒரு பகுதி கழியும் என்று 1990இலிருந்து சலுகை உண்டு. அதற்காக வந்து, கடன் கழிந்ததும் போன பிள்ளைகளையும் வாழ்த்துகிறேன். சங்கத்துக் கடன் மட்டும் தானாகக் கழியாது.

கணக்கைப் பொருளாளர் விரிவாக வைப்பார். வரவு குறைவு, செலவு அதைவிடக் கொஞ்சம் கூட. மண்டப வாடகை ஒரு தவணை பாக்கி. கையேட்டு அச்சுச் செலவில் ஒரு பகுதியை யாரோ ஒருவர் தன் கையிலிருந்து போட்டிருக்கிறார். அவர் கேட்கவும் இல்லை.

மண்டபம் தந்த பாடசாலைக்கும், நூலகத்தாருக்கும், வடை சுட்ட அக்காமாருக்கும், தலைவருக்கும் நன்றி. பனியில் வான் வண்டியை ஓட்டி வந்த தம்பிக்குத் தனி நன்றி.

அடுத்த ஆண்டு நான் செயலாளராக நிற்கவில்லை. மகள் தெற்கே வீடு பார்த்திருக்கிறாள், தீர்மானம் ஒன்றும் இல்லை. யாராவது பொறுப்பெடுத்தால் பதிவேடும் ஒலிப்பதிவுகளும் ஒரே நாளில் கைமாற்றலாம். பெரிய கிடாரம் என் நிலவறையில் இருக்கிறது. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அலுமாரிக் கதவுக்கும் இரண்டு பேர்.