ஏரியின் நடு மதகைச் சீர்செய்யக் கோரி நான்காவது மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்
அனுப்புநர்: ஏரிப் பாசனதாரர்கள், பறவை பார்க்கும் ஆர்வலர்கள்

பொருள்: கூடு கட்டும் காலத்தில் நடு மதகு வழியே ஏரி வடிவதைத் தடுக்க வேண்டுதல் – தொடர்பாக.
பார்வை: இதே பொருளில் அளித்த மூன்று மனுக்கள். பதில் வரவில்லை.

ஐயா,

வணக்கம். தாங்கள் அறிந்த ஏரிதான். கருவேலங்காடு தண்ணீருக்குள் நிற்கிறதே, அதற்கு நேர் எதிரே இருப்பதுதான் நடு மதகு.

1. மதகின் இரும்புப் பலகை முழுதாக இறங்குவதில்லை. திருகுத் தண்டு வளைந்திருப்பதால் கடைசி நாலு விரற்கடையில் பிடித்துக்கொள்கிறது. அடி ரப்பர் பட்டை கிழிந்துவிட்டது. பலகை இறங்கும் காடியில் கல்லும் சேறும் அடைத்திருக்கின்றன. இடுக்கில் மணல் மூட்டையைத் திணித்தால் நீரின் இழுப்பில் அது குழாய்க்குள் போய்ச் சிக்குகிறது. அதை எடுக்கப் பலகையைத் தூக்க வேண்டும். தூக்கினால் பழைய அளவுக்குக்கூட இறங்க மறுக்கிறது. இரவு பகலாக ஒழுகும் தண்ணீர் பயிருக்கும் உதவாமல் வடிகாலில் போகிறது. எனவே பறவைக்கா, விவசாயிக்கா என்ற கேள்வியே இங்கு இல்லை. இருவருக்கும் நட்டம்.

2. எங்களை மிகவும் வதைப்பது இதுதான், ஐயா. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் தண்ணீருக்குள் நிற்கும் மரமாகத் தேடிக் கூடு கட்டுவது அழகுக்காக அல்ல. சுற்றிலும் தண்ணீர் இருந்தால்தான் நாயும் கீரியும் காட்டுப்பூனையும் மரத்தை நெருங்காது. கூழைக்கடா முட்டை பொரிய ஒரு மாதம், குஞ்சு பறக்க அதன் பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம். நாரைக்குப் பொரிக்க ஒரு மாதமும் பறக்க இரண்டு மாதமும் ஆகும். கார்த்திகையில் கட்டிய கூட்டுக்குப் பங்குனி வரை காலடியில் தண்ணீர் வேண்டும். நம் ஏரியிலோ தை முடிவதற்குள் மரத்தடி தெரிகிறது. எச்சத்தால் வெளுத்த மரத்தில் நீர் நின்ற உயரம் பழுப்புக் கோடாக இருக்கும். கோட்டுக்குக் கீழே சேறு. சேற்றில் நாயின் கால்தடம் நேராக மரத்தடிக்குப் போகும். அங்கே உறை பிரியாத இறகுகள் மட்டும் சிதறிக் கிடக்கும். கிளையில் நெருக்கியடித்து நிற்கும் குஞ்சுகளில் ஒன்றிரண்டு விழுவது வழக்கம். முன்பு தண்ணீரில் விழுந்தவற்றில் சில தத்தித் தத்திக் கிளை பிடித்தன. சேற்றில் விழுந்தது அப்படியே போயிற்று. கூட்டமாகக் கட்டும் பறவைகள் ஆதலால் ஒரு மரம் கலைந்தால் பக்கத்து மரமும் கலைகிறது. தாய்ப்பறவை எழுந்த மறு நிமிடம் காகம் முட்டையில் நிற்கிறது.

3. செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. இப்போதைக்கு, மதகின் ஏரிப்பக்க வாயில் தடித்த தார்ப்பாயை விரித்து, ஓரங்களில் களிமண் மூட்டைகளைப் படிக்கட்டாக அடுக்கினால் போதும். தண்ணீரின் அழுத்தமே பாயை வாயோடு ஒட்டவைக்கும். ஆள் இறங்கும்போது இடுப்பில் கயிறு கட்டாயம், இழுப்பு பொல்லாதது. கோடையில் ஏரி வற்றியதும் காடியைத் தோண்டிச் சுத்தம் செய்து, தண்டையும் ரப்பர் பட்டையையும் மாற்றி, பலகை அடிவரை இறங்குகிறதா என்று வெறும் மதகிலேயே பார்த்துவிட வேண்டும். திருகுக்கு மசகும் கைப்பிடிக்குப் பூட்டும் வேண்டும். மழைக்குப் பிறகு இதில் எதையும் செய்ய முடியாது. மூன்று மழை அப்படித்தான் போயின.

4. பார்வைக் கோபுரம் மேற்குக் கரையில் இருக்கிறது. காலையில் சூரியன் நேரே கண்ணில் அடிப்பதால், 8×42 பைனாகுலரில்கூட நத்தைகுத்தியும் அரிவாள்மூக்கனும் ஒரே கறுப்புதான். மாலையில் வெயில் நம் முதுகுக்குப் பின்னால் போய், இரை தேடப் போனவை வரிசையாகத் திரும்பும் நேரத்தில் கோபுரத்தைப் பூட்டிவிடுகிறார்கள். யார் வகுத்த நேரமோ! இருட்டும் வரை திறந்திருக்க உத்தரவிடுங்கள்.

5. டிரோனைத் தடுக்க வேண்டும். பருந்து என்று எண்ணிக் கூட்டமே எழுகிறது.

6. கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் வேட்டைதான் என்கிறது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். கல்லெறிந்த பையனைப் பிடித்து எச்சரிக்கிறோம். ஆயிரம் கூட்டின் காலடித் தண்ணீரை ஒரு மதகுப் பலகை வடித்தால் யாரை எச்சரிப்பது? வேடந்தாங்கல் மக்கள் முறையிட்டபோது 1798-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பறவைகளுக்குப் பாதுகாப்பு எழுதிக்கொடுத்தார். நாங்கள் கேட்பது ஒரு ரப்பர் பட்டை, ஒரு தண்டு. அதற்கு நான்கு மனுவா, ஐயா?

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள்க. முட்டைகள் இப்போதுதான் பொரிந்துகொண்டிருக்கின்றன. இந்த வாரமே ஆளனுப்பித் தார்ப்பாய் அடைப்பையாவது போட உத்தரவிடுமாறு மீண்டும் வேண்டுகிறோம். மூட்டை சுமக்கவும் களிமண் அள்ளவும் நாங்கள் வருகிறோம். மதகில் கைவைக்கத் தங்கள் அனுமதிதான் வேண்டும்.

இப்படிக்கு,
ஏரிப் பாசனதாரர்கள், பறவை ஆர்வலர்கள்
(கையொப்பங்கள் பின்பக்கம்)